பிறையில் பூமியின் நிழல் இல்லை

நிலா ஏன் தேய்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "பூமியோட நிழல் அதுமேல விழுதுல்ல, அதனாலதான்" என்று பலர் சொல்வார்கள். அறிவியல் படித்தவர்களும் இதே பதிலைத் தயங்காமல் சொல்வதுண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வெளிச்சமாக இருந்த ஒன்று இருட்டாகிறது என்றால் நடுவில் ஏதோ வந்து மறைத்திருக்க வேண்டும் என்று மனம் எண்ணுகிறது. நிலாவுக்குப் பக்கத்தில் நமக்குத் தெரிந்த பெரிய பொருள் பூமிதானே.

ஆனால் அந்தப் பதில் கிரகணத்துக்கு உரியது. பிறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மாதாமாதம் நிலா தேய்வதிலும் வளர்வதிலும் பூமியின் நிழலுக்கு வேலையே கிடையாது. எப்போதாவது ஒரு பௌர்ணமி இரவில், சில மணி நேரம் மட்டும், அந்த நிழல் நிலாவைத் தொடுகிறது. அதுதான் சந்திர கிரகணம். இதை யாரும் சொல்லி நம்ப வேண்டியதில்லை. கருவி எதுவும் இல்லாமல் வெறும் கண்ணால் சரிபார்த்துவிடலாம். அதனால்தான் இந்தத் தவறு இத்தனை காலம் நீடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

வளர்பிறை அட்டமியை ஒட்டிய ஒரு நாள், பிற்பகல் நான்கு மணிக்கு மொட்டைமாடிக்குப் போங்கள். மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும். கிழக்குப் பக்கம் நல்ல உயரத்தில் வெளிறிய அரைநிலா நிற்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணெதிரே இருக்கின்றன. பூமி எங்கே? உங்கள் காலுக்குக் கீழே. சூரியனுக்கும் அந்த நிலாவுக்கும் நடுவில் வெறும் வானம்தான். பூமியின் நிழல் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில்தான் நீளும். சூரியன் மேற்கு வானில் இருக்கும் அந்தப் பிற்பகலில் நிழல் கிழக்கு அடிவானத்துக்குக் கீழே எங்கோ கிடக்கிறது. நிலாவின் பக்கம்கூட அது வரவில்லை. இருந்தும் நிலாவின் பாதி இருட்டாக இருக்கிறது.

இப்போது ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நேராகப் படும் இடத்தில் நின்று, கையை நீட்டி, பழத்தை நிலா தெரியும் திசையில் பிடியுங்கள். பழத்தில் வெயில் பட்ட பக்கமும் நிழலான பக்கமும் எப்படிப் பிரிந்திருக்கின்றன என்று பாருங்கள். பக்கத்தில் தெரியும் நிலாவும் அதே அளவு, அதே பக்கம் சாய்ந்து, அதே வடிவத்தில் ஒளிர்ந்திருக்கும். பழத்தின் இருட்டுப் பக்கத்தில் யாருடைய நிழலும் விழவில்லை. வெயில் படாத பக்கம், அவ்வளவுதான். நிலாவும் அப்படியே. இன்னொரு நாள், நிலா வேறு வடிவத்தில் இருக்கும்போது இதைச் செய்தால் பழமும் அந்த வடிவத்தையே காட்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் கையில் பழத்தைக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தின் எந்தப் படமும் சொல்லித் தராத ஒன்றை அந்த ஒரு நிமிடம் சொல்லித் தந்துவிடும்.

நிலா ஒரு கல் உருண்டை. அதற்கென்று வெளிச்சம் இல்லை. சூரியனைப் பார்த்த பாதியில் பகல், மறுபாதியில் இரவு. அமாவாசையானாலும் பௌர்ணமியானாலும் இது மாறாது. எந்த நாளிலும் நிலாவின் சரிபாதி ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கிறது. மாறுவது நாம் பார்க்கும் கோணம். நிலா பூமியைச் சுற்றி வருவதால், ஒளிர்ந்த பாதியை ஒரு நாள் முழுதாக நேருக்கு நேர் பார்க்கிறோம். ஒரு நாள் பக்கவாட்டில் பார்க்கிறோம். ஒரு நாள் அது முழுக்க அந்தப் பக்கம் திரும்பியிருக்க, இருண்ட பாதி மட்டும் நம் பக்கம் இருக்கிறது. பௌர்ணமி, அட்டமி, அமாவாசை என்பவை இந்த மூன்று நிலைகள்.

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டி இந்தக் கோணத்தைத்தான் திதி என்று அச்சிட்டுத் தருகிறது. பூமியிலிருந்து பார்க்கையில் சூரியனை விட்டு நிலா 12 பாகை விலகினால் ஒரு திதி முடிந்தது. 12 பாகை வீதம் 30 திதிகள், மொத்தம் 360 பாகை, ஒரு முழுச் சுற்று. அமாவாசையில் விலகல் பூஜ்யம். வளர்பிறை அட்டமியின் நடுவில் 90 பாகை. பௌர்ணமி முடியும் கணத்தில் 180. இந்தச் சுற்று முடிய சராசரியாக 29.53 நாள் ஆகிறது. திதியைப் பார்த்தே நிலா எந்த வடிவில் இருக்கும், எந்த நேரத்தில் உதிக்கும் என்று சொல்லிவிட முடிவது இதனால்தான். பௌர்ணமி நிலா சூரியனுக்கு எதிரே இருப்பதால் மாலையில் சூரியன் விழும்போது கிழக்கே எழும். வளர்பிறை அட்டமி நிலா நண்பகலை ஒட்டி உதித்து நள்ளிரவில் மறையும். தேய்பிறை அட்டமி நிலாவுக்கு நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டும். அது மறுநாள் காலையிலும் மேற்கு வானில் வெள்ளையாக நிற்கும்; பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பார்க்கலாம்.

நிலாவின் ஒளிர்ந்த பகுதிக்கும் இருண்ட பகுதிக்கும் நடுவே ஓடும் எல்லைக்கோடு எனக்கு மிகவும் பிடித்த இடம். அந்தக் கோட்டில் நிற்பவருக்கு அது விடியற்காலை அல்லது அந்திப்பொழுது. வளர்பிறைக் காலத்தில் கோடு நகர நகர நிலாவின் புதுப்புது நிலங்களில் பொழுது விடிகிறது. ஓரிடத்தில் ஒருமுறை விடிந்தால் பகல் ஏறத்தாழ இரண்டு வாரம் நீடிக்கும். பிறகு இரண்டு வாரம் இரவு.

சந்திரயான்-3 இந்தக் கணக்கை வைத்துத்தான் தரையிறங்கியது. 2023 ஆகஸ்ட் 23, மாலை 6 மணி 4 நிமிடம். மறுநாள் அரைநிலா நாள். தரையிறங்கு கலமான விக்ரம் இறங்கிய இடத்தில் பொழுது விடிந்து அதிக நேரம் ஆகியிருக்கவில்லை. சூரிய ஒளியில் இயங்கும் கருவிகள் என்பதால், ஒரு முழு நிலாப்பகல் கையில் இருக்கும்படி, காலை வேளையைத் தேர்ந்தெடுத்தார்கள். திட்ட இயக்குநரான விழுப்புரத்து வீரமுத்துவேல் உள்ளிட்டோர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தபோது, நம்மூர் வானில் அந்த நிலா உயரத்தில் நின்றிருந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில், பௌர்ணமி கழிந்து நிலா தேயத் தொடங்கிய பின், அந்த இடத்தை இருட்டு நெருங்கியது. 2ஆம் தேதி பிரக்யான் ஊர்தியையும் 4ஆம் தேதி விக்ரமையும் உறக்க நிலைக்குக் கொண்டுபோனார்கள். நாம் பிறை என்று சொல்வது நிலாவின் பகலும் இரவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

மூன்றாம் பிறையில் இன்னொன்றையும் கவனிக்கலாம். மெல்லிய ஒளிக்கீற்றுக்கு உள்ளே நிலாவின் மற்றப் பகுதி சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். அது பூமியில் பட்டுத் திரும்பிய வெயில். நமக்கு அமாவாசையை ஒட்டிய நாட்களில் நிலாவிலிருந்து பார்த்தால் பூமி முழு வட்டமாக ஒளிரும். அந்தப் பூமியொளிதான் நிலாவின் இரவுப் பக்கத்தை லேசாக வெளிச்சமாக்குகிறது. லியோனார்டோ டா வின்சி ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சரியாக விளக்கி எழுதினார். பிறையின் இருட்டு பூமியின் நிழலாக இருந்தால் அங்கே பூமியிலிருந்து வெளிச்சம் போய்ச் சேர வழியே இருக்காது. பூமி தன் இரவுப் பக்கத்தையல்லவா நிலாவுக்குக் காட்டிக்கொண்டிருக்கும்.

இனி கிரகணம். இங்கே ஒரு கேள்வி தானாக எழும். அமாவாசையில் நிலா சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே வருகிறது. பௌர்ணமியில் பூமி நடுவே இருக்கிறது. அப்படியென்றால் மாதம் ஒரு சூரிய கிரகணமும் ஒரு சந்திர கிரகணமும் வர வேண்டுமே?

குழப்பத்துக்குப் பெரிய காரணம் பாடப்புத்தகப் படங்கள்தான் என்பது என் எண்ணம். பக்கத்துக்குள் அடக்க வேண்டும் என்று சூரியன், பூமி, நிலா மூன்றையும் நெருக்கி, ஒரே கோட்டில் வரைந்துவிடுகிறார்கள். அளவு சரியாக இருந்தால் எப்படி இருக்கும்? பூமியை 24 சென்டிமீட்டர் விட்டமுள்ள கூடைப்பந்து என்று வையுங்கள். நிலா ஒரு டென்னிஸ் பந்து. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கேட்டால் பெரும்பாலோர் ஒரு முழம், ஒரு கை நீளம் என்பார்கள். உண்மையில் ஏழு மீட்டருக்கும் கொஞ்சம் மேல். நிலாவின் சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். முப்பது பூமிகளை வரிசையாக வைத்தால்தான் அந்த இடைவெளி நிரம்பும். சூரியன் இதே அளவில் 26 மீட்டர் உயர உருண்டையாக, ஏறத்தாழ 2.8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்.

கூடைப்பந்தின் நிழல் பின்னால் போகப் போகக் குறுகும். டென்னிஸ் பந்து இருக்கும் தொலைவில் அந்தக் கருநிழலின் அகலம் 17 சென்டிமீட்டர்தான். டென்னிஸ் பந்து சுற்றும் பாதையோ, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு 5 பாகை சாய்ந்திருக்கிறது. 5 பாகை என்றால் சொற்பமாகத் தோன்றும். ஏழு மீட்டர் தள்ளிப் போனால் அதுவே 60 சென்டிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் ஆகிவிடும். 17 சென்டிமீட்டர் நிழலுக்கு அரை மீட்டர் மேலேயோ கீழேயோ பந்து போய்க்கொண்டிருந்தால் நிழல் எப்படிப் படும்? பெரும்பாலான பௌர்ணமிகளில் நடப்பது இதுதான். நிலா நிழலுக்கு வடக்கே அல்லது தெற்கே விலகிப் போய்விடுகிறது. அமாவாசையிலும் இதே கதை. நிலாவின் நிழல் பூமியின் துருவத்துக்கு மேலேயோ கீழேயோ வெறும் வெளியில் போய்விடும்.

நிலாவின் சாய்ந்த பாதை சூரியன் செல்லும் பாதையை இரண்டே இடங்களில் வெட்டுகிறது. இந்த இரண்டு வெட்டுப்புள்ளிகளுக்கும் நம் மரபில் பெயர் இருக்கிறது: ராகு, கேது. நிலா வடக்கு நோக்கி ஏறும் புள்ளி ராகு, தெற்கு நோக்கி இறங்கும் புள்ளி கேது. ஜாதகக் கட்டத்தில் இவை இரண்டும் எப்போதும் எதிரெதிர் வீட்டில், ஒன்றுக்கொன்று ஏழாம் இடத்தில் இருப்பதும், மற்றக் கோள்களுக்கு மாறாகப் பின்னோக்கியே நகர்வதும், ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை பெயர்ச்சி ஆவதும் பலருக்குத் தெரியும். இரண்டு வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் எதிரெதிரே தானே இருக்க முடியும். சூரியனின் ஈர்ப்பு நிலாவின் பாதையை மெல்லத் திருப்புவதால் அந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கின்றன. பன்னிரண்டு ராசிக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். பாம்பு விழுங்குகிறது என்ற கதையை யார் எந்த அளவுக்கு நம்பினாலும், அந்தப் பெயர்களுக்குள் இருக்கும் கணக்கு துல்லியமானது. 499ஆம் ஆண்டின் ஆரியபட்டீயத்தில் ஆரியபட்டர் சூரியனை நிலா மறைப்பதாகவும் நிலாவைப் பூமியின் நிழல் மறைப்பதாகவும் ஒளிவுமறைவின்றி எழுதிவிட்டார்.

சூரியன் இந்தப் புள்ளிகளில் ஒன்றை நெருங்கியிருக்கும் ஒரு மாத காலத்தில் வரும் அமாவாசையும் பௌர்ணமியும்தான் கிரகணமாகும். அந்தக் காலம் ஏறத்தாழ 173 நாளுக்கு ஒருமுறை வரும். அதனால்தான் கிரகணங்கள் இரண்டு வார இடைவெளியில் ஜோடியாக வந்து, பிறகு ஆறு மாதம் காணாமல் போகின்றன. 2025ஐப் பாருங்கள். மார்ச் 14 முழு சந்திர கிரகணம், மார்ச் 29 பகுதி சூரிய கிரகணம். அப்புறம் செப்டம்பர் 7 சந்திர கிரகணம், செப்டம்பர் 21 சூரிய கிரகணம். அடுத்த ஜோடி 2026 பிப்ரவரி 17, மார்ச் 3. ஆண்டுக்கு ஆண்டு தேதிகள் முன்னே நகர்ந்துகொண்டே வருவது ராகுவும் கேதுவும் பின்னோக்கி நகர்வதன் விளைவு.

இவற்றில் 2025 செப்டம்பர் 7 கிரகணம் இந்தியா முழுவதும் தெரியும்படி வந்தது. இரவு பத்து மணிக்குச் சற்று முன் நிலாவின் ஓரத்தில் கருமை படியத் தொடங்கியது. பதினொரு மணியளவில் நிலா முழுதாக நிழலுக்குள் போய், 82 நிமிடம் உள்ளேயே இருந்தது. நிலா தேய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும் வேலையை நிழல் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. நிலா ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ தன் விட்டத்தின் அளவு நகர்வதால் இந்த வேகம்.

வடிவத்திலும் வேறுபாடு உண்டு. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு புகைப்படத்தைப் பார்த்தே பிறையா கிரகணமா என்று சொல்லிவிடலாம். பூமியின் நிழல் எப்போதும் வட்டமானது. நிலாவைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் பெரியது. அது நிலாவின் மேல் ஏறும்போது உள்நோக்கிக் கடித்தது போலத்தான் விளிம்பு இருக்கும். அரைநிலாவில் நாம் காணும் நேர்க்கோட்டை வட்ட நிழலால் போடவே முடியாது. தசமி, ஏகாதசி நாளில் நிலா பாதிக்கு மேல் வளர்ந்து, ஒளிர்ந்த பகுதி இருட்டின் பக்கம் புடைத்துக்கொண்டு நிற்குமே, அந்த வடிவத்தை எந்தக் கிரகணமும் தந்ததில்லை. பிறையின் இரு முனைகளையும் பாருங்கள். எவ்வளவு மெல்லிய பிறையானாலும் முனைகள் நிலாவட்டத்தின் எதிரெதிர்ப் புள்ளிகளில் போய் முடியும். நடுவே கோடு போட்டால் அது வட்டத்தின் மையம் வழியாகச் செல்லும். கிரகணத்தில் மிஞ்சும் கீற்றின் முனைகள் அவ்வளவு தூரம் போய்ச் சேராது. நிழலின் விளிம்பு எந்தக் கிரகணத்திலும் வளைவாகவே இருப்பதைக் கண்டுதான் அரிஸ்டாட்டில் பூமி உருண்டை என்று வாதிட்டார். எந்தப் பக்கமிருந்து ஒளி பட்டாலும் வட்டமான நிழல் தரும் வடிவம் உருண்டை ஒன்றுதான்.

முழுதாக மறைந்த நிலா கறுத்துப் போகாமல் செம்பு நிறத்துக்கு வருவது ஏன்? பூமியைச் சுற்றியுள்ள காற்று, சூரிய ஒளியின் நீலத்தைச் சிதறடித்துவிட்டு, சிவப்பை வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. நிலாவில் நின்று பார்த்தால் பூமியின் விளிம்பு முழுக்க ஒரு செவ்வளையமாகத் தெரியும்; உலகின் அத்தனை காலைகளும் அந்திகளும் அந்த ஒரு வளையத்தில். இது இப்போது கற்பனையும் அல்ல. 2025 மார்ச் 14 கிரகணத்தின்போது நிலாவில் இறங்கியிருந்த புளூ கோஸ்ட் என்ற கலம், பூமி சூரியனை மறைப்பதை அங்கிருந்தே படம் பிடித்து அனுப்பியது. நமக்குச் சந்திர கிரகணமாக இருந்தது அதற்குச் சூரிய கிரகணம்.

சூரிய கிரகணத்தில் நிழல் எதிர்த் திசையில் வருகிறது. நிலாவின் விட்டம் 3,474 கிலோமீட்டர். சூரியன் அதைப்போல் 400 மடங்கு. சூரியன் இருக்கும் தொலைவும் ஏறத்தாழ 400 மடங்கு. எனவே இரண்டும் வானில் ஒரே அளவாகத் தெரிகின்றன, நிலாவால் சூரியனைச் சரியாக மூட முடிகிறது. நிலாவின் கருநிழல் பூமியைத் தொடும்போது கூம்பின் நுனிதான் எட்டுகிறது. அதன் அகலம் மிஞ்சினால் 270 கிலோமீட்டர் அளவு. நம் கூடைப்பந்தில் அது அரை சென்டிமீட்டர் புள்ளி. அந்தப் புள்ளி ஓடும் பட்டையில் நிற்பவர்களுக்கு மட்டும் முழுக் கிரகணம். பிறை உலகம் முழுவதற்கும் ஒன்று. சந்திர கிரகணத்தை இரவில் இருக்கும் பாதி உலகம் பார்க்கலாம். முழு சூரிய கிரகணம் ஒரு ஊருக்குத் திரும்பி வர சராசரியாக முந்நூற்றுச் சொச்சம் ஆண்டு ஆகும்.

நிலா பூமியை விட்டுத் தொலைவில் இருக்கும்போது நுனிகூட எட்டாது. அப்போது சூரியனின் விளிம்பு மிஞ்சி வளையமாகத் தெரியும். 2019 டிசம்பர் 26 அன்று காலை ஒன்பதரை மணியளவில் கோவை, ஈரோடு, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கம் பார்த்தது அதைத்தான். 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரிக்கும் ராமேசுவரத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கிடைத்ததும் வளையம்தான்.

நம் பகுதியில் கிரகணத்துக்குப் பெரிய அறிவியல் வரலாறே இருக்கிறது. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தைப் பார்க்க பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் குண்டூருக்கு வந்தார். சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்தில் கருவிகளை நிறுத்தினார். அதே வானாய்வகத்தின் சிந்தாமணி ரகுநாதாச்சாரி வனபர்த்தியிலிருந்து கவனித்தார். அந்தக் கிரகண ஒளியில் கண்ட ஒரு மஞ்சள் கோடு, பின்னால் ஹீலியம் என்று பெயர் பெற்ற தனிமத்துக்கு வழி காட்டியது. பூமியில் அந்தத் தனிமம் கிடைக்க 1895 வரை ஆனது. 1871 டிசம்பர் 12 கிரகணத்துக்கு நீலகிரியிலும் அவிநாசியிலும் யாழ்ப்பாணத்திலும் முகாம் போட்டார்கள்.

அதற்கும் முந்தையது எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. 1825இல் சென்னையில் அச்சான 'காலசங்கலித' என்ற நூலில் ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், அவருக்காக அந்த ஆண்டு மே மாத இறுதியில் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். எழுதுகோல் இல்லை, தாள் இல்லை. தரையில் சோழிகளை வைத்து எடுத்து, மனப்பாடமாக இருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லிக் கூட்டிக் கழித்தார். கிரகணம் பிடித்த நேரத்தில் அவர் கணக்குக்கும் நடப்புக்கும் நான்கு நிமிடம்தான் வேறுபாடு. நடுவும் முடிவும் அதைவிட அதிகம் பிசகின. ஆனாலும் சோழியை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியது சாதாரணமல்ல. அந்த வாக்கியங்கள் நிலாவின் வேகம் கூடிக் குறையும் 248 நாள் சுழற்சியை எழுத்துகளில் பொதிந்து வைத்தவை. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரில் அந்த வழி இன்றும் இருக்கிறது.

கிரகண நேரத்தில் கோயில் நடை சாத்துவதும் சாப்பாட்டில் தர்ப்பை போடுவதும் அவரவர் வழக்கம், நம்பிக்கை. ஆனால் கர்ப்பிணிகளை இருட்டறையில் தண்ணீர்கூடக் கொடுக்காமல் மணிக்கணக்காக உட்கார வைப்பதைக் கேட்டால் மனம் பதறுகிறது. சந்திர கிரகணத்தின்போது பூமிக்குப் புதிதாக எந்தக் கதிரும் வருவதில்லை. வழக்கமாக வரும் நிலவொளி குறைகிறது, அவ்வளவே. அமாவாசை இரவில் வெளியே போகலாம் என்றால் அன்றும் போகலாம். சூரிய கிரகணத்தில் ஆபத்து கண்ணுக்கு மட்டும்தான், அதுவும் நேராகப் பார்த்தால். சூரியனைப் பார்ப்பதற்கென்றே செய்த, தரச்சான்று உள்ள கண்ணாடி வேண்டும். எக்ஸ்ரே படச்சுருளும் கறுப்புக் கண்ணாடியும் தட்டில் ஊற்றிய மஞ்சள் தண்ணீரும் போதாது. பிறையையும் சந்திர கிரகணத்தையும் எத்தனை நேரமும் வெறும் கண்ணால் பார்க்கலாம்.

நாட்காட்டியில் இரண்டு தேதிகளைக் குறித்துக்கொள்ளலாம். 2028 டிசம்பர் 31, பௌர்ணமி. புத்தாண்டுக்கு முந்தைய அந்த இரவில் எட்டரை மணிக்கு மேல் நிழல் நிலாவைக் கடிக்கத் தொடங்கி, பத்து மணிக்கு முன்பே முழுதும் மூடிவிடும். நடுவே கீற்று மெலியும்போது அதன் முனைகள் எங்கே முடிகின்றன என்று பாருங்கள். அடுத்தது 2031 மே 21, அமாவாசை. வளைய சூரிய கிரகணம் கேரளத்தைக் கடந்து தேனி, மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் வழியாக யாழ்ப்பாணம் போகிறது. அந்தப் பட்டைக்கு வெளியே இருக்கும் சென்னைக்கும் கோவைக்கும் அன்று பகுதிக் கிரகணம்தான். வளையம் வேண்டுமென்றால் மதுரைக்கு இப்போதே ரயில் டிக்கெட் யோசிக்கத் தொடங்கலாம்.